டைமண்ட், யூ.சி., ஸ்பின்: ரூபாயில் உண்மை விலை என்ன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொண்டி, தேவிபட்டினத்தில் தொடங்கி மண்டபம், பாம்பன், ராமேசுவரம், கீழக்கரை, ஏர்வாடி வழியாகச் சாயல்குடி வரை, போனில் ஃப்ரீ ஃபயர் மேக்ஸும் பி.ஜி.எம்.ஐ.யும் ஆடும் பிள்ளைகளின் வீட்டாருக்கும், சொந்தக் காசில் டாப்-அப் போடும் இளைஞர்களுக்குமான கேள்வி பதில் இது. டைமண்ட் ஃப்ரீ ஃபயரின் நாணயம், யூ.சி. பி.ஜி.எம்.ஐ.யின் நாணயம். ரூபாய் கட்டி அதை ஏற்றுவதுதான் டாப்-அப். கணக்கு புரிவதற்காகச் சில இடங்களில் மாதிரி விலைகளைப் போட்டிருக்கிறோம். உங்கள் விளையாட்டில் இன்றைக்கு என்ன விலையோ அதை வைத்துக் கணக்கைத் திரும்பப் போட்டுக்கொள்ளுங்கள்.

விளையாட்டுக்குள் பொருள் விற்பதே அநியாயம்தானே?

இல்லை. விளையாட்டை இலவசமாகக் கொடுத்துவிட்டு சட்டை, துப்பாக்கி நிறம், நடன அசைவு என்று விற்றுச் சம்பளம் கொடுப்பது ஒரு வியாபாரம். பிடித்தவர் வாங்கலாம், மற்றவர் சும்மா ஆடலாம். "இந்தச் சட்டை 199 ரூபாய்" என்று எழுதி வைத்து, பணம் கட்டினால் அதையே கொடுக்கும் கடையில் எங்களுக்குக் குறை எதுவும் தெரியவில்லை. விலையை மூன்று விதமாக மறைக்கும்போதுதான் கோளாறு தொடங்குகிறது: ரூபாயை வேறு நாணயமாக மாற்றுவது, பொருளுக்குப் பதில் வாய்ப்பை விற்பது (பரிசுச் சக்கரத்தைச் சுற்றும் ஸ்பின்), ஓடும் கடிகாரத்தைக் காட்டி யோசிக்க விடாமல் செய்வது. மூன்றும் ஒரே திரையில் இருந்தால் அங்கே காசு போடாதீர்கள்.

நேராக ரூபாய் வாங்காமல் டைமண்ட், யூ.சி. என்று ஏன் மாற்றச் சொல்கிறார்கள்?

முதல் காரணம், செலவு உறைக்காது. 480 ரூபாய் என்றால் கை தயங்கும், 599 டைமண்ட் என்றால் அவ்வளவு தயங்காது. இரண்டாவது காரணம் மிச்சம். பொருளின் விலையும் விற்கும் பொதியின் அளவும் பெரும்பாலும் பொருந்தாது.

மாதிரிக்கு 100 டைமண்ட் ₹80, 310 டைமண்ட் ₹250, 520 டைமண்ட் ₹400, 1,060 டைமண்ட் ₹800 என்று வையுங்கள். பொருள் 599 டைமண்ட். 520-ம் 100-ம் சேர்த்து ₹480 கட்டி வாங்கினால் 21 டைமண்ட் மிஞ்சும். அந்த 21-க்கு உருப்படியாக எதுவும் வராது. அதை வீணாக்க மனமில்லாமல் அடுத்த பொதி வாங்குவார்கள் என்பதுதான் கடைக்காரரின் கணக்கு.

பெரிய பொதி மலிவு என்றும் கண்ணை மூடி நம்ப வேண்டாம். மேலே சொன்ன விலையில் 100 பொதி மூன்று வாங்கினால் 300 டைமண்ட் ₹240. 310 பொதி ₹250. கூடுதலாக வரும் 10 டைமண்டுக்கு ஒன்று ஒரு ரூபாய் வீதம் கொடுக்கிறீர்கள். சின்னப் பொதியிலோ ஒன்று 80 காசுதான்.

இந்த மறைப்பை மற்ற நாடுகளும் கவனித்திருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்புகள் 2025 மார்ச்சில் வெளியிட்ட நெறிகளில், விளையாட்டு நாணயத்தில் விலை போட்டால் பக்கத்திலேயே உண்மைப் பண விலையும் தெரிய வேண்டும், தேவையில்லாத அளவில் நாணயத்தை வாங்க வைக்கக் கூடாது என்று சொல்லியிருக்கின்றன. அமெரிக்காவில் ஜென்ஷின் இம்பாக்ட் விளையாட்டை நடத்தும் நிறுவனம் 2025 ஜனவரியில் 2 கோடி டாலர் கட்டவும், நாணய மாற்று விகிதத்தை வெளிப்படையாகக் காட்டவும் ஒப்புக்கொண்டது.

அப்படியானால் ஒரு பொருளின் விலையை நாமே ரூபாயில் கண்டுபிடிப்பது எப்படி?

நீங்கள் வழக்கமாக வாங்கும் பொதியின் ரூபாயை, அதில் வரும் டைமண்டால் வகுங்கள். ₹400-ஐ 520-ஆல் வகுத்தால் சுமார் 77 காசு. இந்த எண்ணைப் போன் கவரின் உள்பக்கம் எழுதி ஒட்டிக்கொள்ளலாம். திரையில் தெரியும் எந்த விலையையும் அதனால் பெருக்குங்கள்.

இடையில் டோக்கன் வந்தால் இன்னொரு படி கூடும். ஒரு ஸ்பின்னுக்கு 20 டைமண்ட், ஸ்பின்னுக்கு ஒன்று முதல் மூன்று டோக்கன், 100 டோக்கன் சேர்த்தால் ஸ்கின் (துப்பாக்கி, உடைகளின் புதுத் தோற்றம்) என்று இருக்கிறதா? சராசரியாக ஒன்றரை டோக்கன் விழுந்தால் 67 ஸ்பின், அதாவது 1,340 டைமண்ட், ஏறக்குறைய ₹1,030. இந்த எண்ணை எந்தத் திரையிலும் பார்க்க முடியாது. கூடவே, நிகழ்வு முடியும் நாளில் டோக்கன் காலாவதியாகிவிடும் என்று விதிகளில் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்கும். 80 டோக்கனோடு நின்றவருக்கு அந்த 80-ஆல் பயன் இல்லை.

1% வாய்ப்பு என்று போட்டிருக்கிறது. 100 தடவை சுற்றினால் கட்டாயம் கிடைக்குமா?

கிடைக்காது. அதிகம் பேர் ஏமாறும் இடம் இதுதான். ஒவ்வொரு சுற்றும் தனி. முன்னால் 99 தடவை கிடைக்கவில்லை என்பது நூறாவது சுற்றுக்குத் தெரியாது. 100 பேர் ஆளுக்கு 100 தடவை சுற்றினால் ஏறக்குறைய 63 பேருக்கு ஒரு முறையாவது விழும், 37 பேர் வெறுங்கையோடு நிற்பார்கள். பாதிக்குப் பாதி வாய்ப்பு வேண்டுமென்றால் 69 சுற்று, பத்துக்கு ஒன்பது என்ற அளவுக்கு நிச்சயம் வேண்டுமென்றால் 230 சுற்று. சுற்றுக்கு 20 டைமண்ட், டைமண்டுக்கு 77 காசு என்றால் 230 சுற்றுக்கு ₹3,542. விசைப்படகுத் தடைக்காலத்தில் அரசு ஒரு குடும்பத்துக்குக் கொடுக்கும் நிவாரணம் ₹8,000. அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவான தொகை ஒரு துப்பாக்கி நிறத்துக்குப் போகும், அதுவும் பத்தில் ஒருவருக்குக் கிடைக்காமலேயே.

மூடிய ஐஸ்பெட்டியை உள்ளே வஞ்சிரமா சூடையா என்று பார்க்காமல் ஏலத்தில் எடுக்கும் வியாபாரியை எந்தக் கரையிலும் பார்க்க முடியாது. ஸ்பின்னில் நடப்பது அதுதான்.

சில விளையாட்டுகளில் 'இத்தனை சுற்றுக்குள் நிச்சயம்' என்ற உத்தரவாதம் உண்டு. ஜென்ஷின் இம்பாக்டில் ஐந்து நட்சத்திர, அதாவது மிக அரிதான, பாத்திரத்துக்கு அடிப்படை வாய்ப்பு 0.6%. 90 சுற்றுக்குள் ஏதாவது ஓர் ஐந்து நட்சத்திரம் நிச்சயம். ஆனால் நீங்கள் கேட்ட அதே பாத்திரம் வர அதிகபட்சம் 180 சுற்று ஆகலாம். சுற்றுக்கு 160 பிரிமோஜெம் (அந்த விளையாட்டின் நாணயம்) வீதம் 28,800. உத்தரவாதம் இருப்பது இல்லாததைவிட நல்லதுதான். திட்டம் போடும்போது மட்டும் மேல் எல்லையை விலையாக எடுத்துக்கொள்ளுங்கள், சராசரியை அல்ல.

வாய்ப்புச் சதவீதத்தை வாங்கும் முன்பே காட்ட வேண்டும் என்பது ஆப்பிள் 2017 முதலும் கூகுள் பிளே 2019 முதலும் வைத்திருக்கும் விதி. ஸ்பின் திரையில் கேள்விக்குறியையோ 'i' வடிவப் பொத்தானையோ தொட்டால் பட்டியல் வரும். அது வராத விளையாட்டில் சுற்ற வேண்டாம்.

முதல் சுற்று 9 டைமண்ட்தானே, அதை மட்டும் சுற்றிப் பார்த்தால் என்ன?

விலை ஏறும் சக்கரத்தைச் சொல்கிறீர்கள். எட்டுப் பரிசு, வந்தது திரும்ப வராது, ஒவ்வொரு சுற்றுக்கும் விலை 9, 19, 39, 69, 99, 149, 199, 499 என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டினால் 1,082. கடைசிச் சுற்று மட்டுமே கிட்டத்தட்ட பாதி. எட்டுப் பரிசுக்கும் சம வாய்ப்பு என்று எண்ண வேண்டாம், பெரிய பரிசுக்கு வாய்ப்பைக் குறைவாக வைப்பதுதான் வழக்கம். ஆகவே இந்தச் சக்கரத்தின் விலை 1,082 டைமண்ட் என்றே கொள்ளுங்கள். அந்தப் பணத்துக்கு அந்தப் பொருள் வேண்டுமா என்று முதலில் முடிவு செய்துவிட்டு 9-ஐத் தொடுங்கள். ஒரு நல்ல விஷயம், இந்த வகையில் மேல் எல்லை தெரியும். வெறும் ஸ்பின்னில் அதுகூடத் தெரியாது.

இது சூதாட்டம் இல்லையா? சட்டம் ஒன்றும் சொல்லவில்லையா?

நாட்டுக்கு நாடு வேறு. ஜப்பான் 2012-இல், சில பரிசுகளை முழுத் தொகுப்பாகச் சேர்த்தால்தான் பெரிய பரிசு என்ற வகை ஸ்பின்னைத் தடுத்தது. பெல்ஜியம் 2018-இல் பணம் கட்டித் திறக்கும் பரிசுப்பெட்டிகளைச் சூதாட்டம் என்றே அறிவித்தது. நெதர்லாந்தில் ஒரு பெரிய நிறுவனத்துக்குப் போட்ட 1 கோடி யூரோ அபராதத்தை 2022-இல் மேல்நிலை அமைப்பு ரத்து செய்துவிட்டது.

இந்தியாவில் 2025 ஆகஸ்ட் 22 அன்று ஒப்புதல் பெற்ற இணைய விளையாட்டு மேம்பாடு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம், பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் ஆட்டங்களைத் தடை செய்கிறது. தமிழ்நாட்டின் 2022-ஆம் ஆண்டுச் சட்டமும், 18 வயதுக்குக் கீழே தடை, நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை ஆட்டம் கூடாது என்ற 2025 விதிகளும் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களைப் பற்றியவை. டைமண்டையோ ஸ்கின்னையோ நிறுவனம் திரும்பப் பணமாக மாற்றித் தருவதில்லை. அதனால் ஸ்பின் இந்தச் சட்டங்களின் நேரடிப் பிடியில் சிக்காமல் வெளியே நிற்கிறது. எங்கள் கருத்தில் அது சட்டத்தில் உள்ள ஓட்டை. ஜெயித்தால் காசு வராது என்பதால் தோற்கும் காசு குறைந்துவிடாது.

ஓடும் கடிகாரம் பற்றி மட்டும் பிடி இருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் 13 ஏமாற்று வடிவமைப்புகளைப் பட்டியலிடுகின்றன. பொய்யான அவசரம் காட்டுவது அதில் ஒன்று. 'இனி வராது' என்ற ஸ்கின் சில மாதத்தில் திரும்ப வந்தால், புகார் செய்யப் படம் பிடித்து வையுங்கள்.

காசு போட்டவன்தான் ஜெயிப்பானா?

விளையாட்டைப் பொறுத்தது. பி.ஜி.எம்.ஐ.யில் ஸ்கின் அழகுக்குத்தான். ஃப்ரீ ஃபயரில் துப்பாக்கி ஸ்கின் பலவற்றுக்கும் சேதம், வேகம், தூரம் என்று கூட்டல் குறைத்தல் உண்டு. அதாவது வாங்கியவருக்குச் சிறு அனுகூலம் இருக்கிறது. ஸ்கின்னின் விவரத்தில் உள்ள ஏற்ற இறக்க அம்புக்குறிகளைப் பார்த்தாலே தெரியும். அழகுப் பொருளைவிட இதை நாங்கள் கடுமையாகப் பார்க்கிறோம், ஏனென்றால் வாங்காத பையனின் ஆட்டமும் இதில் கெடுகிறது.

எங்கள் போனில் பின் நம்பர் போட்டிருக்கிறோம். பிறகு எப்படிக் காசு போனது?

நான்கு வழிகள் பொதுவாக. பின் நம்பர் பிள்ளைக்குத் தெரியும், ரீசார்ஜ் போடச் சொல்லி நீங்களே கொடுத்திருப்பீர்கள். அல்லது போனில் பிள்ளையின் விரல்ரேகையும் பதிந்திருக்கும். பிளே ஸ்டோர் விரல்ரேகை கேட்கும்போது பதிந்த எந்த விரலும் செல்லும். மூன்றாவது, கிஃப்ட் கோடு போட்டு ஏற்றிய கூகுள் பிளே பேலன்ஸ். அதற்கு வங்கியின் பின் தேவையில்லை. நான்காவது யூ.பி.ஐ. லைட். ஒரு முறைக்கு ₹1,000 வரை, மொத்தம் ₹5,000 வரை பின் இல்லாமலே போகும், கடையின் கியூ.ஆரை ஸ்கேன் செய்தால் போதும்.

அடைப்பது இப்படி. பிளே ஸ்டோரில் மேல் மூலையில் உள்ள உங்கள் படத்தைத் தொட்டு செட்டிங்ஸ் போய், பர்ச்சேஸ் வெரிஃபிகேஷன் என்பதை எல்லா வாங்கலுக்கும் கேட்கும்படி வையுங்கள். சில போன்களில் இது ஆதென்டிகேஷன் என்ற பெயரில் இருக்கும். போன் செட்டிங்ஸில் விரல்ரேகைப் பட்டியலைத் திறந்து உங்களுடையது அல்லாததை நீக்குங்கள். பிளே ஸ்டோரில் பட்ஜெட் என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது, அதை நம்பியிருக்க வேண்டாம். எல்லை தாண்டினால் சொல்லும், தடுக்காது.

எல்லாவற்றையும்விட உறுதியான வழி, விளையாட்டுக்கென்று தனி கூகுள் கணக்கு. அதில் வங்கி, கார்டு, யூ.பி.ஐ. எதையும் இணைக்காதீர்கள். விளையாட்டை நீக்கிவிட்டு அந்தக் கணக்கிலிருந்தே திரும்ப நிறுவுங்கள், வாங்கல் பொதுவாக நிறுவிய கணக்கில்தான் விழும். நீக்கும் முன் ஆட்டத்தின் கணக்கு எந்த லாகினோடு இணைந்திருக்கிறது என்று பார்க்காவிட்டால் பையனின் ஐடி தொலைந்துபோகும், அது வீட்டில் வேறு சண்டை.

அத்தா வெளிநாட்டில், அல்லது அப்பா கடலில். வீட்டுப் போனில் அவர் கணக்கு. என்ன செய்யலாம்?

ஓ.டி.பி. குறுஞ்செய்தியிலேயே தொகையும் வாங்கும் இடமும் எழுதியிருக்கும். "ஓ.டி.பி. சொல்லுங்க" என்று வளைகுடாவுக்கு வாட்ஸ்அப்பில் கூப்பிட்டால், எண்ணைச் சொல்லும் முன் முழுச் செய்தியையும் படியுங்கள். கரண்ட் பில் என்று சொன்னது கூகுள் பிளே என்று இருந்தால் அங்கேயே நின்றுவிடலாம்.

தங்கு கடலுக்குப் போகும் படகில் போனுக்கு டவர் கிடைக்காது, வங்கிச் செய்தி கரை திரும்பிய பிறகுதான் வரும். அதற்குள் கூகுளிடம் நேராகத் திரும்பக் கேட்கும் 48 மணி நேரம் கடந்திருக்கலாம். ஒவ்வொரு வாங்கலுக்கும் ரசீது அந்தக் கணக்கின் ஜிமெயிலுக்கு உடனே வரும். அந்த ஜிமெயிலைக் கரையில் இருக்கும் இன்னொருவர் போனிலும் திறந்து வைத்தால் அன்றே தெரிந்துவிடும்.

பிள்ளை தெரியாமல் வாங்கிவிட்டான். பணம் திரும்ப வருமா?

48 மணி நேரத்துக்குள் என்றால் வாய்ப்பு நன்றாக இருக்கிறது.

1. ஜிமெயில் ரசீதைத் திறந்து ஆர்டர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஜி.பி.ஏ. என்று தொடங்கும்.
2. விளையாட்டைத் திறக்க விடாதீர்கள். டைமண்டைச் செலவழித்துவிட்டால் கோரிக்கை பலவீனமாகும்.
3. கூகுள் பிளே இணையப்பக்கத்தில் ஆர்டர் ஹிஸ்டரியில் அந்த வாங்கலைத் தேர்ந்து ரிஃபண்ட் கேளுங்கள். காரணத்தில் 'குடும்பத்தில் ஒருவர் அனுமதியின்றி வாங்கியது' என்பதைத் தேர்ந்தெடுங்கள், உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.
4. பல வாங்கல் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனியாகக் கேளுங்கள்.

பதில் சில நிமிடத்திலோ நான்கு நாளுக்குள்ளோ வரும். 48 மணி கடந்துவிட்டால் விளையாட்டு நிறுவனத்தின் உதவிப் பிரிவுக்கு அதே விவரத்தை எழுதுங்கள். சிறார் செய்யும் ஒப்பந்தம் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி செல்லாது என்பதைக் கடிதத்தில் குறிப்பிடலாம், பிள்ளையின் வயதுச் சான்றையும் தயாராக வையுங்கள். ஐபோனில் ஆப்பிளின் 'ரிப்போர்ட் எ ப்ராப்ளம்' பக்கம்.

வங்கியிடம் முதலில் ஓடுவது தவறான வழி. சரியான பின் போடப்பட்டிருக்கிறது என்று அவர்கள் கையை விரிப்பார்கள். கார்டு வழியாகப் பணத்தைத் திரும்ப இழுத்தால் விளையாட்டுக் கணக்கு முடங்கவும், டைமண்ட் இருப்பு மைனஸில் போகவும் வாய்ப்புண்டு.

டவர் போய்விட்டது. பணம் போனது, டைமண்ட் வரவில்லை.

திரும்பக் கட்டாதீர்கள். இரண்டு முறை கட்டியவர்கள்தான் அதிகம் சிக்குகிறார்கள். யூ.பி.ஐ. செயலியில் அந்தப் பரிமாற்றத்தின் 12 இலக்க எண்ணை எடுத்து வையுங்கள். பிளே ஆர்டர் பட்டியலில் 'பெண்டிங்' என்று இருந்தால் விளையாட்டை மூடித் திறந்து காத்திருங்கள். ஆர்டரே இல்லையென்றால் பணம் தானாகத் திரும்ப வேண்டும். கடைக்குக் கட்டும் யூ.பி.ஐ. தோல்வியடைந்தால் ஐந்து நாளுக்குள் திருப்ப வேண்டும், தாமதமானால் நாளுக்கு ₹100 இழப்பீடு என்பது ரிசர்வ் வங்கியின் 2019 விதி.

"அண்ணே, பாதி விலைக்கு டைமண்ட் ஏத்தித் தர்றேன்" என்று செய்தி வருகிறது. நம்பலாமா?

நிறுவனமே விற்கும் விலையில் பாதிக்கு ஒருவர் கொடுக்க நேர்மையான வழி கிடையாது. திருட்டுக் கார்டில் வாங்கி ஏற்றியிருப்பார், அல்லது ஏற்றிவிட்டு ரிஃபண்ட் கேட்பார். இரண்டிலும் முடங்குவது உங்கள் ஐடி. முறையான டாப்-அப்புக்குப் பிளேயர் ஐடி எண் மட்டும் போதும். பாஸ்வேர்டு, ஓ.டி.பி., ஃபேஸ்புக் லாகின் என்று எதைக் கேட்டாலும் திருட்டு. ஐடியையே விலைக்கு வாங்குவதும் இதே கதைதான். விற்றவர் பழைய லாகினை வைத்து ஒரு மாதம் கழித்துத் திரும்ப எடுத்துக்கொள்வார், நிறுவன விதி கணக்கு விற்பனையை அனுமதிக்காததால் புகாரும் எடுபடாது.

பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள், எத்தனை சீக்கிரமோ அத்தனை நல்லது. நிறுவனத்தின் விற்பனை முறை பற்றிய புகாருக்கு 1915, தேசிய நுகர்வோர் உதவி எண்.

பிள்ளைக்கு ஒரு பைசாவும் கொடுக்கக் கூடாதா?

கொடுக்கலாம், அளவோடு. கிழக்குக் கடற்கரையில் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். பள்ளி விடுமுறையும் அதற்குள்தான் வருகிறது. வருமானம் இல்லாத நாளில் பிள்ளை முழு நேரமும் போனோடு. முன்கூட்டியே 'இந்த விடுமுறைக்கு இவ்வளவு' என்று சொல்லி, அந்தத் தொகைக்கு மட்டும் கிஃப்ட் கோடு வாங்கி விளையாட்டுக் கணக்கில் போடுங்கள். தீர்ந்தால் தீர்ந்தது. செலவழிப்பதென்றால் மாதப் பாஸ் (ஒருமுறை கட்டிவிட்டு, ஆட ஆடப் பரிசுகள் திறப்பது) ஸ்பின்னைவிடப் பரவாயில்லை, என்ன வரும் என்று வரிசையாகப் பார்த்துவிட்டு வாங்கலாம். ஆனால் பாஸ் முழுப் பயனைத் தர தினமும் ஆடியாக வேண்டும். மாதம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது வாங்காதீர்கள்.

விளையாட்டையே தடை செய்தால் மிச்ச டைமண்ட் என்னாகும்?

வாங்கியது சொந்தமல்ல, பயன்படுத்தும் அனுமதி மட்டும். 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயர் தடைபட்டபோது கணக்குகள் மேக்ஸ் பதிப்பில் செல்லுபடியானதால் பலர் தப்பினார்கள். பி.ஜி.எம்.ஐ. 2022 ஜூலையில் கடைகளிலிருந்து நீக்கப்பட்டு 2023 மே மாதம்தான் திரும்பியது. இருப்பில் பெரிய தொகை வைக்காமல், தேவைப்படும் நாளில் தேவையான அளவு வாங்குவதே பாதுகாப்பு. ஆட்டத்தை விட்டுவிட முடிவு செய்தால் செயலியை நீக்கினால் மட்டும் போதாது. பிளே ஸ்டோரில் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் பட்டியலிலும், யூ.பி.ஐ. செயலியில் ஆட்டோபே பட்டியலிலும் அந்த விளையாட்டின் பெயர் இருந்தால் இரண்டு இடத்திலும் ரத்து செய்யுங்கள். செயலி இல்லாவிட்டாலும் மாதாமாதம் பணம் போய்க்கொண்டிருக்கும்.